மாடி காலியா இருக்கு

இல்லம்மா, அந்தக் காகிதத்த முதல்ல மடிச்சுப் பையில வைங்க. காலையில இருந்து பாக்குறேன், நீங்க வீட்டப் பாத்தத விட அதத்தான் அதிகமாப் பாத்தீங்க. ஏரியாவுக்கெல்லாம் மார்க் போட்டு வச்சிருக்கீங்க, பத்துக்கு எட்டு, பத்துக்கு ஆறரைன்னு. அந்த அரை எதுக்குன்னுதான் எனக்குப் புரியல. கடற்கரை ரோட்டுக்கு ஆறரை போட்டீங்களே, அந்த அரை மார்க் எந்தக் கேள்விக்கு? ஓ, காத்துக்கா. சரி சரி. வானிலை ஆபீஸ்காரங்க இல்லையா, காத்துக்குத் தனி மார்க் இருக்கத்தானே செய்யும்.

ஜன்னல்கிட்ட நிக்காதீங்க, சாரல் அடிக்குது. இப்படி உள்ள வாங்க. நாற்காலி ஒண்ணும் இல்ல, சமையல் மேடையில ஏறி உக்காந்துக்கோங்க. காலி வீட்டுல யாரு கேக்கப் போறா. மழை இப்போதைக்கு விடாது போலருக்கு.

கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். திங்கக்கிழமை வேலைக்குச் சேரப் போறது வானிலை ஆபீஸ்ல. மழை எப்ப வரும்னு ஊருக்கே சொல்ற வேலை. ஒரு குடை எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா? என்னது? முப்பது சதவீதம்தான் வாய்ப்புன்னு போட்டிருந்துச்சா? அந்த முப்பதும் நம்ம ரெண்டு பேரு தலையிலயே விழுந்துடுச்சு, பாருங்க. எனக்குக் குடை இல்லையான்னா, இருந்த ஒண்ணத்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்து புடுங்கிட்டுப் போயிடுச்சே, உங்க கண்ணு முன்னாலதானே போச்சு. காத்துக்கு மார்க் போட்டீங்கள்ல, அதான் உற்சாகமாயிடுச்சு.

சிரிங்க சிரிங்க. காலையில ஸ்டேஷன்ல வந்து எறங்கினப்ப இருந்த முகத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

நான் இந்த வீட்டு ப்ரோக்கர் தொழிலுக்கு வந்து பத்து வருஷம் ஆச்சு. புதுசா இந்த ஊருக்கு வர்றவங்க எல்லாரும் எங்கிட்ட முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான். வீட்டுலருந்து கடல் தெரியுமா? தண்ணி நல்லா வருமான்னு கேக்க மாட்டாங்க. வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்னு கேக்க மாட்டாங்க. கடல் தெரியுமா. நான் சொல்லுவேன், உங்களுக்குக் கடல் தெரியுதோ இல்லையோ, கடலுக்கு உங்க ஃபிரிட்ஜ் எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும். மூணே வருஷம், பின்பக்கம் துருப்பிடிச்சு அப்பளம் மாதிரி உதிரும்.

இன்னிக்கு நாம முதல்ல பாத்தோமே, அதே கட்டடத்துல ஆறாவது மாடி. பல் டாக்டர் ஜோடி ஒண்ணு வந்துச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே பல் டாக்டர். பால்கனியில ரெண்டு மூங்கில் நாற்காலி வாங்கிப் போட்டாங்க. முதல் மாசம் நான் போனப்ப அங்க உக்கார வச்சு டீ குடுத்தாங்க. டீ நல்லாத்தான் இருந்துச்சு, பேச வாயத் தொறந்தா வாயெல்லாம் உப்பு. ரெண்டாவது தடவை போனப்ப பால்கனியில துணி காயுது. எங்க காயுது, காலையில போட்டத விட சாயங்காலம் ஈரமா இருக்கும். ஒரு வருஷம் கழிச்சுப் போனேன். பால்கனிக் கதவோட கீலே இறுகிப் போச்சு, தொறக்க முடியல, முன்னால ஒரு அலமாரிய நகத்தி வச்சிருக்காங்க. கடல் அந்தப் பக்கம் நின்னு கத்திக்கிட்டு இருக்கு, இவங்க இந்தப் பக்கம் சோபாவுல உக்காந்து டிவியில மீன் பாத்துக்கிட்டு இருக்காங்க.

நான் வேண்டாம்னு சொல்ல வரல. கடல் வேணும்னா போய்ப் பாத்துட்டு வரலாம், அது எங்கயும் ஓடிடாது. கூடவே குடித்தனம் பண்ணனும்னு என்ன இருக்கு?

மேட்டுக் குடியிருப்புக்கு எட்டு போட்டிருக்கீங்க. அமைதின்னு பக்கத்துல எழுதி ரெண்டு கோடு வேற இழுத்திருக்கீங்க. அமைதிதான், நான் இல்லைன்னா சொன்னேன். அங்க ஒரு பேங்க் அதிகாரிய நான்தான் குடி வச்சேன். தங்கமான மனுஷன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கடுதாசி குடுக்கணும்னு போனா, ஆளு இல்ல. பக்கத்து வீட்டு மணிய அடிச்சேன். ஒரு அம்மா வந்தாங்க, நல்ல மரியாதையா, உள்ள வாங்கன்னு கூடச் சொன்னாங்க. இந்தப் பக்கத்து வீட்டு சார் எப்ப வருவாருன்னு கேட்டேன். அங்க யாராவது குடி இருக்காங்களான்னு எங்கிட்டத் திருப்பிக் கேக்குறாங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரும்மா. அந்தச் சுவத்துல இவரு ரெண்டு வருஷமா ஆணி அடிச்சு அடிச்சுப் படம் மாட்டியிருக்காரு. அந்த அமைதிக்குத்தான் நீங்க ரெண்டு கோடு இழுத்திருக்கீங்க.

உங்களுக்கென்ன, வார நாள்ல நீங்களும் ஏழு வயசுப் பொண்ணும் மட்டும்தான் இருப்பீங்கன்னு சொன்னீங்க. உங்க வீட்டுக்காரரு வாத்தியாரு, ஸ்கூல் பரீட்சையெல்லாம் முடிஞ்சு, மாத்தல் கெடைச்சு, நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் நிரந்தரமா வருவாரு. பொண்ணுக்கு நடு ராத்திரியில காய்ச்சல்னா அந்த மேட்டுல யாரக் கூப்பிடுவீங்க? அவங்க வந்து கதவத் தொறந்து, நீங்க எப்ப குடி வந்தீங்கன்னு கேப்பாங்க.

பாலத்துக்கு அந்தப் பக்கமும் பாத்தீங்க. லிஃப்ட்டு இருக்கு, நீச்சல் குளம் இருக்கு, கீழ கடை இருக்கு. எல்லாம் இருக்கு, நடுவுல பாலமும் இருக்கு. கப்பல் வந்தா பாலத்தத் தூக்கிடுவாங்க. இருபது நிமிஷம் ஆகட்டும், நாப்பது ஆகட்டும், நின்னுதான் ஆகணும். நான் குடி வச்ச கணக்கு டீச்சர் ஒருத்தங்க அங்க இருக்காங்க. பரீட்சைப் பேப்பர வீட்டுக்குக் கொண்டு போறதே இல்ல, எல்லாத்தையும் பாலத்துலயே திருத்தி முடிச்சுடுவாங்க. கப்பல் வராத வருஷம் பிள்ளைங்களுக்கு ரிசல்ட் லேட்டாத்தான் வரும்னு சொல்லிச் சிரிப்பாங்க. அங்க இருக்குறவங்க வீட்டுல தூங்குறாங்க, வாழ்றது என்னமோ பாலத்துலதான்.

ஆமா, எல்லாத்தையும் குறை சொல்றேன். ப்ரோக்கர் இப்படிக் குறை சொல்லி நீங்க பாத்ததில்லையா? நான் எல்லார்கிட்டயும் சொல்றதில்ல. சில பேர்கிட்ட வாயே தொறக்க மாட்டேன், ஆறாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போய் ஜன்னலத் தொறந்து விட்டுட்டு அமைதியா நிப்பேன். கடலே பேசிக்கும்.

இந்தப் பழைய துறைமுக ஏரியா உங்க காகிதத்துல இல்லைன்னு எனக்குத் தெரியும். போற வழிதானே, ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போயிடலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். வழியில இல்ல. மூணு ஸ்டாப் சுத்து. அத இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் நீங்களா கண்டுபிடிச்சா நல்லாருக்காது.

ஆனா ஒண்ணு கேக்குறேன், உங்க ஆபீஸ் இருக்குறது துறைமுகத்து வாசல்ல. இங்கருந்து நடந்தா பத்து நிமிஷம். ஆபீசுக்குப் பக்கத்துல இருக்குற ஒரே ஏரியாவ லிஸ்ட்டுலயே போடாம விட்டிருக்கீங்க. ஏன்? இணையத்துல யாரோ அழுக்கு ஏரியான்னு எழுதியிருந்தாங்களா. எழுதினவரு எங்க இருக்காராம்? மேட்டுலதான் இருப்பாரு. அவருக்குப் பக்கத்து வீடே தெரியாது, பழைய துறைமுகத்தப் பத்தி எழுத வந்துட்டாரு.

அதுக்காக இது சொர்க்கம்னு நான் சொல்லல. டீசல் வாசனை வரும். காலையில அஞ்சரைக்கு இழுவைப் படகு ஒரு தடவை ஊளையிடும். முதல் வாரம் திட்டுவீங்க, ரெண்டாவது வாரத்துலருந்து அலாரம் வைக்க மாட்டீங்க. மேற்குச் சுவர்ல ஓதம் ஏறும், அலமாரிய அதுல ஒட்டிப் போட்டுடாதீங்க. தொட்டியில தண்ணி மெதுவாத்தான் எறங்கும். ஆனா பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளி, பொண்ணு நடந்தே போயிடலாம். தெருவுல எல்லாரும் எல்லாரையும் பாப்பாங்க. சில நாள் அது எரிச்சலா இருக்கும், சொல்லிட்டேன்.

இருட்டா இருக்கா? இருங்க, லைட்டப் போடுறேன். கதவுக்குப் பின்னால கைய விட்டாத்தான் ஸ்விட்ச் கிடைக்கும். எந்த மகராசனாவது கதவுக்குப் பின்னால ஸ்விட்ச் வைப்பானா? அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே.

என்னிக்கா? அது... கட்டினப்பதான். நமக்கு நாலு இடம் போய் வர்ற பழக்கம், கட்டுற வீட்ட எட்டிப் பாக்குறதில்லையா. நீங்க என்னம்மா, காத்து மழைய மட்டும்தான் கவனிப்பீங்கன்னு நினைச்சேன்.

வீட்டுக்காரரா? கீழதான் இருக்காரு. இப்ப இல்ல. சனிக்கிழமை மூணு மணிக்கு க்ளினிக்குக்குப் போவாரு, சர்க்கரை பாக்கணும்ல, நாலரைக்குத் திரும்பிடுவாரு. துறைமுகத்துல வேலை பாத்தாரு, இழுவைப் படகோட எஞ்சின் ரிப்பேர் பண்றது. ரிட்டயராகி நாலு வருஷம் ஆகுது. தனி ஆளு.

எப்படிப்பட்டவருன்னா, என்ன சொல்றது. வாய்ப் பேச்சுக் கிடையாது. எதுன்னாலும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஒட்டிடுவாரு. பின்னால குழாய்கிட்ட ஒண்ணு ஒட்டியிருக்கு, போகும்போது பாருங்க. குழாயை மெதுவாக மூடவும், அது உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அப்படியே எழுதியிருக்கும். முறைச்சுக்கிட்டு எழுதினாரா சிரிச்சுக்கிட்டு எழுதினாரான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

இந்த மாடியில முதல்ல குடி இருந்தவரு ஒரு பேண்ட் வாத்தியக்காரர், டிரம்பெட் ஊதுறவரு. எனக்கே பயம்தான், ஒரு மாசத்துல வெளில போகச் சொல்லிடுவாருன்னு. நாலாவது நாள் மாடிப்படியில சீட்டு. நேற்று வாசித்ததில் மூன்றாவது பாட்டு நன்றாக இருந்தது, மற்றவை வேண்டாம். அந்த ஆளு அதுக்கப்புறம் மூணு வருஷமும் அந்தப் பாட்டத்தான் வாசிச்சாரு. காலி பண்ணிட்டுப் போறப்ப அந்தச் சீட்ட வாத்தியப் பெட்டிக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனாரு.

அடுத்தது ரிட்டயர்டு தலைமையாசிரியை. அந்தம்மா இவரு ஒட்டின சீட்டயெல்லாம் எடுத்து, சிவப்புப் பேனாவால சந்திப்பிழை திருத்தி, அதே இடத்துல திருப்பி ஒட்டுவாங்க. இவரு விடுவாரா. மறுபடி எழுதி ஒட்டுவாரு, இந்தத் தடவை பிழை இல்லாம. ரெண்டரை வருஷம் ரெண்டு பேரும் நேருல நாலு வார்த்தை பேசியிருப்பாங்களான்னு சந்தேகம்தான், ஆனா அந்தம்மா மகன் வீட்டுக்குப் போறப்ப இவரு தெருமுனை வரைக்கும் பெட்டியத் தூக்கிட்டுப் போனாரு.

கடைசியா இருந்தது சின்ன வயசு ஜோடி. அவன் பேக்கரியில வேலை, விடியறதுக்கு முன்னாலயே போயிடுவான். அந்தப் பொண்ணும் கைக்குழந்தையும்தான் வீட்டுல. நீங்க ஏறி வந்தீங்களே, மாடிப்படி, அது கீழ சமையலறை ஜன்னல ஒட்டித்தான் ஏறுது. கவனிச்சீங்களா? அந்த ஜன்னலத் தாண்டாம யாரும் மேல வர முடியாது, கீழ போகவும் முடியாது. குழந்தை இடுப்புல இருந்துக்கிட்டே கைய நீட்டி ஜன்னல் கம்பியில ஒரு தட்டு தட்டும். இவரு உள்ளருந்து கரண்டியால திருப்பித் தட்டுவாரு. தெனமும் காலையில அதுதான்.

ஒரு நாள் குழந்தை கைய நீட்டுது, ஜன்னல் சாத்தியிருக்கு. மணி ஏழே முக்கால். அந்தப் பொண்ணு கூப்பிட்டுப் பாத்திருக்கா, கதவத் தட்டிப் பாத்திருக்கா, ஒண்ணும் இல்ல. உடனே எனக்குப் போன் பண்ணிட்டா. நான் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரருக்குப் போன் பண்ணி, பின்கதவ ஒடைங்கன்னு சொன்னேன். சர்க்கரை எறங்கி, சமையலறைத் தரையில கிடந்திருக்காரு. நெத்தியில அடி. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு.

எனக்கு ஏன் போன் பண்ணினான்னா... நான்தான் சொல்லி வச்சிருந்தேன். ஏழு மணிக்குக் கீழ ஜன்னல் தொறக்கலைன்னா எனக்கு ஒரு போன் அடின்னு. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் இல்ல. டிரம்பெட்காரர்கிட்டயும் சொன்னேன், தலைமையாசிரியை அம்மாகிட்டயும் சொன்னேன்.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க.

சரி, நீங்க பாக்குறது நியாயம்தான். எந்த ப்ரோக்கர் வீட்டுக்காரரோட ஜன்னல் தொறந்துச்சான்னு கேப்பா. சொல்லிடுறேன். எப்படியும் சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட இந்த வீடு சரியான்னு கேக்கணும்னு இருந்தேன், மறைச்சுக் குடி வைக்க மாட்டேன். அவரு என் வீட்டுக்காரர்மா. ஆமா, அந்த வீட்டுக்காரர்தான். வந்ததுலருந்து வீட்டுக்காரர், வீட்டுக்காரர்னுதானே சொன்னேன், பொய் ஒண்ணும் சொல்லலையே.

ஒன்பது வருஷம் ஆகுது நான் இங்கருந்து போய். அடிதடி, குடி, இன்னொருத்தி, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இருபத்தி நாலு வருஷம் ஒழுங்கா வாழ்ந்தோம். ஒரே பொண்ணு, அவ வேலைக்கு வெளிநாடு போயிட்டா. வீடு வெறிச்சுனு ஆயிடுச்சு. அவரு எஞ்சின்கூட நாளெல்லாம் இருந்துட்டு வருவாரு, சாப்பிடுவாரு, படுப்பாரு. நான் பேசிக்கிட்டே இருப்பேன், உங்களுக்குத்தான் தெரியுமே எப்படிப் பேசுவேன்னு. அவரு காதுலயே வாங்க மாட்டாரு. அப்பதான் சொந்தக்காரங்களுக்கு ஒரு வீடு பாத்துக் குடுத்தேன். அப்புறம் அவங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கு. புது ஆளுங்க, புது தெருவு, நான் பேசினா கேக்குறதுக்கு மனுஷங்க. எனக்கு அது பிடிச்சுப் போச்சு. ஒரு வருஷம் அப்படியே ஓடுச்சு.

ஒரு நாள் வீட்டுக்கு வர லேட்டாயிடுச்சு. என் பையில ஏழெட்டு வீட்டுச் சாவி. மேசையில கொட்டினேன். அவரு அதப் பாத்துட்டு, ஊரார் வீட்டுச் சாவியெல்லாம் வச்சுக்கிட்டுத் திரியறவளுக்கு இந்த வீட்டுச் சாவி எதுக்குன்னாரு. அவ்வளவுதான். அவரு பேசினதே வருஷத்துக்கு நாலு வார்த்தை, அதுல ஒண்ணு இது. நான் இந்த வீட்டுச் சாவிய மட்டும் மேசையில விட்டுட்டு மத்ததயெல்லாம் அள்ளிக்கிட்டுக் கிளம்பிட்டேன். மறுநாள் வந்து கூப்பிடுவாருன்னு நினைச்சேன். மறுநாள் இவ கோவம் தணிஞ்சு வந்துடுவான்னு அவரு நினைச்சிருப்பாரு. அப்படி மறுநாள் மறுநாள்னு ஒன்பது வருஷம். வக்கீல்கிட்டயும் போகல, யார்கிட்டயும் போகல. பொண்ணு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் தனித்தனியாப் போன் பண்ணுவா. சேத்து வைக்கப் பாத்துப் பாத்து அவளுக்கே சலிச்சுப் போச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருப்பேனா. அஞ்சு நாளும் போனேன், வார்டுக்கு வெளில பெஞ்சு கெடக்கும்ல, அதுல உக்காந்திருந்தேன். உள்ள போகல. போய் என்னன்னு நிக்குறது? ஒரு நர்ஸ் பொண்ணு அப்பப்ப வந்து சொல்லும், தூங்குறாரு, சாப்பிட்டாருன்னு. அஞ்சாவது நாள் வந்து, அக்கா, உங்க ஆளு பக்கத்து பெட்காரர்கூடச் சண்டை போடுறாரு, ஃபேன மாத்தி மாத்திப் போடாதேன்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்காருன்னு சொல்லுச்சு. சரி, ஆளு தேறிட்டாருன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அந்த ஜோடிக்கு வேற ஊர்ல சொந்தமா பேக்கரி வைக்க இடம் கிடைச்சுடுச்சு. போய் ஆறு வாரம் ஆச்சு. ஆறு வாரமா மாடி காலி. காலையில ஏழேகாலுக்கு இந்தத் தெருமுனையில திரும்புற பஸ் ஒண்ணு இருக்கு. எனக்கு இந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. ஆனா ஏறி, வலது பக்கம் ஜன்னலோரம் உக்காந்துக்குவேன். பஸ் திரும்பும்போது ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு கண்ணு அளவுக்குக் கீழ சமையலறை ஜன்னல் தெரியும். தொறந்திருந்தா அடுத்த ஸ்டாப்புல எறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடிச்சுத் திரும்பிடுவேன். செவ்வாக்கிழமை கூட்டம், உக்கார எடம் இல்ல, பாக்க முடியல. பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடல. அன்னிக்குத்தான் நினைச்சேன், இது சரிப்படாது, சீக்கிரம் ஆளு வைக்கணும்னு.

இல்லம்மா, வர்ற யாரை வேணும்னாலும் வச்சுட முடியாது. ஆறு வாரத்துல ஒன்பது பேரு வீடு கேட்டாங்க, ஒருத்தருக்கும் இந்த மாடியக் காட்டவே இல்ல. எல்லாரையும் கடல் பக்கம் அனுப்பிட்டேன். பாவம்தான், என்ன பண்றது.

நீங்க ஏன்னா, சொல்றேன். மேட்டுக் குடியிருப்புல அந்த வீட்டப் பாத்துட்டு வெளில வந்தோம்ல. எதிர் வீட்டு வாசல்ல ஒரு பார்சல் கெடந்துச்சு. நான் பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டேன். நீங்க நின்னீங்க. குனிஞ்சு தேதியப் பாத்தீங்க. நாலு நாளாக் கெடக்குதேன்னு போய் மணி அடிச்சீங்க. அவங்க வெளியூரு போயிருக்காங்கன்னு காவலாளி சொன்ன பிறகுதான் படியெறங்கினீங்க. உங்களுக்கு அது ஞாபகம் கூட இருக்காது. நான் அதுக்கப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம் காட்டினது சும்மா ஒப்புக்குத்தான். மனசுக்குள்ள நீங்க இங்க குடி வந்துட்டீங்க.

ஆமா, காரியக்காரிதான். அத என் பொண்ணும் சொல்லுவா.

நீங்க அவருக்குச் சமைச்சுப் போட வேண்டாம், மருந்து வாங்கித் தர வேண்டாம், பேசக் கூட வேண்டாம். வேவு பாக்கவும் வேண்டாம், யாரு வந்தா யாரு போனான்னு எனக்குத் தெரிய வேண்டியதில்ல. காலையில பொண்ண ஸ்கூலுக்குக் கூட்டிட்டு எறங்குவீங்கள்ல, அப்ப ஜன்னல் சாத்தியிருந்தா ஒரு போன். தொறந்திருந்தா ஒண்ணுமே இல்ல, உங்க பாட்டுக்குப் போயிடலாம். அந்தப் பேக்கரிப் பொண்ணு இருந்த ரெண்டரை வருஷத்துல எனக்கு ஒரே ஒரு தடவைதான் போன் பண்ணினா. அந்த ஒரு தடவைக்குத்தான் இவ்வளவும்.

அவருக்கா? தெரியுமான்னா... நல்ல கேள்வி கேட்டீங்க. மாடி காலியானா சாவியக் கொண்டு போய் ஹார்டுவேர் கடையில குடுத்துடுவாரு. இந்தத் தெருவுலயே நாலு ப்ரோக்கர் இருக்காங்க, ஒருத்தர் போர்டு இவரு வீட்டு எதிர்லயே தொங்குது. அவங்களுக்கெல்லாம் குடுக்குறதில்ல. வழக்கமா வர்ற ஆளு வந்தா குடுன்னு மட்டும் சொல்லுவாராம். யாருன்னு அவரும் சொல்ல மாட்டாரு, கடைக்காரரும் கேக்க மாட்டாரு. மூணு பேரு மாடியில இருந்துட்டுப் போயிட்டாங்க, உன்ன யாரு கூட்டிட்டு வந்தான்னு ஒருத்தர்கிட்டயும் அவரு கேட்டதே இல்ல. ஆஸ்பத்திரியிலருந்து வந்த பிறகும், பின்கதவ ஒடைக்கச் சொன்னது யாருன்னு கேக்கல. ஒரு மனுஷன் கேக்காமயே இருந்தா என்னம்மா அர்த்தம்? நானும் கேட்டுக்கல.

நேரா எறங்கிப் போய்ப் பேசலாமேன்னு சுலபமாச் சொல்றீங்க. உங்களுக்கு வயசு முப்பது. பேசலாம். என்னிக்காவது பேசுவேனா இருக்கும். வானிலை மாதிரிதான், முப்பது சதவீதம்னு வச்சுக்கோங்களேன்.

அந்தா, கேட் சத்தம். வந்துட்டாரு. மணியப் பாருங்க, நாலரை. மழையும் கொஞ்சம் விட்டிருக்கு. நீங்க எறங்கிப் போங்க. மாடி பாக்க வந்தேன்னு சொல்லுங்க, ப்ரோக்கர் மேல ஜன்னலெல்லாம் சாத்திட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க. பிடிக்கலைன்னா யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிடுங்க, எனக்கு வருத்தம் இல்ல. இருக்கும், அத நான் பாத்துக்குறேன். மேட்டுலயே எடுத்துத் தரேன், எட்டு மார்க் வீடு.

என்னது? எடுத்துக்கிறீங்களா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஓதம், படகு ஊளை, எல்லாம் சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

ம். சரிம்மா. சந்தோஷம்.

இல்ல, நான் வரல. இங்கயே நிக்கிறேன், அவரு ஜன்னல விட்டு நகந்து உள்ள போனதும் எறங்கி வரேன். போங்க, காத்துக்கிட்டு நிப்பாரு, படியில உங்க செருப்பப் பாத்திருப்பாரு. ஒண்ணு மட்டும். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்துல நின்ன காது, மெதுவாச் சொன்னா பிடிக்காது. நீங்க சத்தமாப் பேசினா அவரும் சத்தமாத்தான் பதில் சொல்லுவாரு. இந்த ஜன்னல நான் தொறந்து வச்சுக்குறேன். இங்க நல்லாக் கேக்கும்.